மோனே வெட்டிய குளம்

அத்தை பாரிஸுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஐஃபில் கோபுரம் பார்த்தாயிற்று, லூவ்ர் அருங்காட்சியகத்தில் கால் வலிக்க நடந்தாயிற்று. "செடி கொடி இருக்கற எடமா ஒண்ணு கூட்டிட்டுப் போடி" என்றார். திருவையாற்றுப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுக் கொல்லையில் மல்லிகைப் பந்தல், செம்பருத்தி, நாலு தென்னை, ஒரு சின்னத் தொட்டியில் அல்லி என்று இன்றும் தானே மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பவர். அவருக்காகத்தான் ஜிவெர்னிக்கு ஒரு நாள் சுற்றுலாவில் இரண்டு இருக்கை பதிவு செய்தேன். ஓவியர் குளோட் மோனே 43 வருடம் வாழ்ந்த வீடும் தோட்டமும் அங்கேதான் இருக்கின்றன.

செப்டம்பர் முதல் வாரம். காலை எட்டு மணிக்குப் பேருந்து கிளம்பியது. ஜிவெர்னி, பாரிஸிலிருந்து வடமேற்கே சுமார் 75 கிலோமீட்டர். ரயிலிலும் போகலாம்; சேன் லசார் நிலையத்தில் ஏறி வெர்னோனில் இறங்கினால் அங்கிருந்து தோட்டத்துக்குச் சிற்றுந்து உண்டு. அந்த சேன் லசார் நிலையத்தையே மோனே 1877-இல் புகையும் நீராவியுமாகத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். அத்தைக்கு அதிகம் நடக்க முடியாது, அதோடு வழிகாட்டி ஒருவர் கூட இருந்தால் நான் சொல்லத் தெரியாததை அவர் சொல்வார் என்றுதான் பேருந்தைத் தேர்ந்தெடுத்தேன். வழிகாட்டிப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். அவர் பேசப் பேச நான் அத்தையின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மோனே இங்கே குடிவந்தது 1883-இல். அப்போது அவருக்கு வயது 42. முதல் மனைவி கமீல் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. கையில் காசில்லை, கடன் இருந்தது. கூட ஆலிஸ் ஒஷெதே என்ற பெண்மணி. மோனேயின் படங்களை வாங்கி ஆதரித்து, பிறகு சொத்தையெல்லாம் இழந்த ஒரு வணிகரின் மனைவி அவர். அவருக்கு ஆறு பிள்ளைகள், மோனேக்கு இரண்டு. ஆக வீட்டில் பத்துப் பேர். வாடகைக்கு எடுத்த வீட்டை 1890-இல்தான் சொந்தமாக வாங்க முடிந்தது. ஆலிஸின் கணவர் காலமான பிறகு, 1892-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஊரை நெருங்கும்போது அறுவடை முடிந்த வயல்கள் வந்தன. வயலில் குவித்து வைத்த போர்களை மோனே வரைந்த புகழ்பெற்ற படங்கள் 1890, 91 வாக்கில் இந்தப் பக்கத்து வயல்களில்தான் வரையப்பட்டன என்று வழிகாட்டி ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரே போர்; காலை வெயிலில் ஒன்று, பனியில் ஒன்று, அந்தியில் ஒன்று. நான் "வைக்கோல் போர்" என்று மொழிபெயர்த்தேன். அத்தை படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "வைக்கோலுக்கு யாராவது இப்படி மேல கூரை வேய்வாங்களா? உள்ள நெல்லு இருக்கணும்" என்றார். நெல் இல்லை, கோதுமை. மற்றபடி அவர் சொன்னது சரி. அவை கதிர் அடிக்காத கட்டுகளை அடுக்கி, மழை இறங்காமல் மூடிவைத்த போர்கள். ஒரு குடியானவனின் வருட உழைப்பு முழுக்க அதற்குள் இருந்தது. படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அந்தக் கூரையை நான் கவனித்ததே இல்லை.

கூட்டம் சேர்வதற்கு முன்னால் குளத்தைப் பார்த்துவிடலாம் என்று வழிகாட்டி எங்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போனார். வீடும் பூந்தோட்டமும் சாலைக்கு ஒரு பக்கம், குளம் மறுபக்கம். நடுவே சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. மோனே காலத்தில் இங்கே ஒரு சின்ன ரயில் பாதையும் ஓடியது. குளத்துக்குப் போக வேண்டுமானால் அவர் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும்.

மூங்கில் புதர்களைக் கடந்து ஒரு வாய்க்கால். தெளிந்த தண்ணீர், நல்ல ஓட்டம். அத்தை அங்கேயே நின்றுவிட்டார். குளம் இன்னும் கண்ணில் படவில்லை. "இது எங்கேருந்து வருது? எங்க போகுது?" என்று கேட்கச் சொன்னார். வழிகாட்டிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெரும்பாலும் எல்லோரும் குளத்தின் மேலுள்ள பச்சைப் பாலத்தைத்தான் கேட்பார்களாம்.

எப்த் என்றொரு ஆறு இந்த ஊர் அருகே சென் ஆற்றில் கலக்கிறது. அதன் கிளை வாய்க்கால்தான் இது. 1893-இல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கிய மோனே, இந்த வாய்க்காலிலிருந்து தண்ணீரைத் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். ஊரார் எதிர்த்தார்கள். வாய்க்காலில் துணி துவைப்பவர்கள் இருந்தார்கள், மாடுகள் தண்ணீர் குடித்தன. எங்கிருந்தோ வரும் பேர் தெரியாத செடிகளால் தண்ணீர் கெட்டுப்போகும் என்று பயம். மோனே மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் எழுதினார்: நான் வளர்க்கப்போவது அல்லியும் நாணலும் போன்ற செடிகள்தான், கண்ணுக்கு இன்பமாகவும் வரைவதற்குப் பொருளாகவும் இருக்கும், அவ்வளவுதான் என்று. அந்த வருடமே அனுமதி கிடைத்தது.

"மடை இருக்கா?" என்றார் அத்தை.

இருந்தது. தண்ணீர் வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் அடைப்புப் பலகைகள் வைத்திருந்தார்கள். காரணம் குளிர்ச்சி. ஆற்றுத் தண்ணீர் சில்லென்று ஓடிக்கொண்டே இருந்தால் அல்லி பூக்காது. அதற்கு வெயில் பட்டு வெதுவெதுப்பான, அசையாத தண்ணீர் வேண்டும். அதனால் தண்ணீரைத் தேக்கி, தேவைப்படும்போது மட்டும் மாற்றினார்கள். நான் இதைச் சொன்னதும் அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். காவிரியில் தண்ணீர் திறந்தால் எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் முறை என்று பேசிப் பேசியே வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம்தான் குளம். புகைப்படத்தில் பார்த்துப் பழகியதால் பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் போகிறோம். இல்லை. கும்பகோணத்து மகாமகக் குளத்தில் ஒரு மூலைக்குக் காணாது. கரை நெடுக வில்லோ மரங்கள், கிளைகள் தலைவிரித்தாற்போல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு. ஒரு முனையில் அந்தப் பச்சைப் பாலம். ஜப்பானியப் பாணி என்றாலும் சிவப்புச் சாயம் பூசாமல் பச்சை பூசச் சொன்னவர் மோனேதான். இன்று இருப்பது அவர் நடந்த பாலம் இல்லை. அது உளுத்துப்போய், அதே வடிவில் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மேலே பந்தலாகப் படர்ந்திருக்கும் விஸ்டீரியாக் கொடி, வசந்தத்தில் வந்தால் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். நாங்கள் போனபோது வெறும் இலை.

அல்லியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மோனேயின் படங்களைத் தமிழில் "தாமரைக் குளம்" என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு, சின்னத் தவறும் இல்லை. தாமரை இலை வளர்ந்தால் தண்ணீரைவிட்டு எழுந்து குடை பிடித்து நிற்கும். குளம் நிறைந்துவிட்டால் தண்ணீரே தெரியாது. அல்லி இலை அப்படியில்லை. ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வட்டமாகத் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும். அந்த இலைகள் படுத்துக் கிடப்பதால்தான் தண்ணீரின் மேல்தளம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. இலைக்கும் இலைக்கும் நடுவில் பார்த்தால் வானமும் மேகமும் வில்லோவின் நிழலும் தலைகீழாக, ஆழமாக. ஒரே இடத்தில் தட்டையும் ஆழமும். அந்த இரண்டையும் சேர்த்து வரையத்தான் மனிதர் கடைசி முப்பது வருடத்தைக் கொடுத்தார். ஏறக்குறைய 250 அல்லிப் படங்கள். தாமரையை நட்டிருந்தால் அதில் ஒன்றுகூட வந்திருக்காது.

வண்ண அல்லி என்பதே அன்று அங்கே புதிது. ஐரோப்பாவில் இயற்கையாக இருந்தது வெள்ளை அல்லி. பிரான்சின் தென்மேற்கில் லத்தூர் மர்லியாக் என்பவர் அதை அமெரிக்க வகைகளோடும் பிற வகைகளோடும் இனக்கலப்பு செய்து, குளிர் தாங்கும் மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு அல்லிகளை உண்டாக்கினார். ஐஃபில் கோபுரம் திறந்த அதே 1889 உலகக் கண்காட்சியில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். பிறகு அவருடைய பண்ணையிலிருந்துதான் மோனே அல்லிக் கிழங்குகளை வரவழைத்தார். நம் கவிதைகளில் ஆம்பல் நிலவைக் கண்டு மலரும். நம்மூர் வெள்ளாம்பல் இரவில் விரிவதுதான். இந்த அல்லிகளோ வெயில் ஏறியதும் விரிந்து, மாலை ஆவதற்குள் கூம்பிவிடும். பகலில் தூரிகை பிடிக்கிற மனிதருக்கு ஏற்ற பூ.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தோட்டக்காரர் தட்டைப் படகில் மெதுவாக நடுக்குளத்துக்கு வந்தார். பச்சை மேலாடை, முழங்கை வரை ரப்பர் உறை. பழுத்த இலையைக் காம்போடு இழுத்தெடுத்துப் படகில் போட்டார். இன்னொன்று. ஒரு கொத்து விரிந்து பக்கத்துக் கொத்தோடு ஒட்டப் பார்த்தது; ஓரத்து இலைகளை வெட்டி அதை மறுபடி வட்டமாக்கினார். பாசியை நீளமான வலையால் அள்ளினார். படகு போன தடத்தில் உடைந்த வானம் கொஞ்ச நேரத்தில் ஒட்டிக்கொண்டது. மோனே காலத்திலும் இந்த வேலைக்கென்று ஓர் ஆள் இருந்தார். அவர் காலையிலேயே படகில் போய்ப் பாசி எடுத்து, இலைகளில் படிந்த தூசியையும் அலசிவிட வேண்டும். பக்கத்து மண் சாலையில் வண்டி போனால் புழுதி கிளம்பி அல்லி மேல் படிகிறது என்று, மோனே தன் செலவிலேயே அந்தச் சாலைக்குத் தார் போட வைத்தார்.

"அதான் இலை இப்படிப் பளபளன்னு இருக்கு" என்றார் அத்தை. "கொளம் வெட்டறது பெரிசில்லடி. வெட்டினப்புறம் தினம் எறங்கணும்."

வழிகாட்டி பாலத்தருகே எங்களைக் கூட்டி இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டும் இதே பாலம். முதலாவது 1899. பச்சை, வெளிர் நீலம், இலைகள் வரிசை வரிசையாக. இரண்டாவது மோனேயின் கடைசிக் காலத்தது. செம்பழுப்பும் துருச்சிவப்பும் முறுக்கிக்கொண்டு, பாலம் இருப்பதே தேடினால்தான் தெரியும். 1912-இல் மோனேக்குக் கண்ணில் புரை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பத்து வருடத்துக்கு மேல் அவர் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். நிறத்தை நம்ப முடியாமல், வண்ணக் குழாய்களின் பெயரைப் படித்தும், தட்டில் எந்த வண்ணம் எங்கே என்று மனப்பாடம் செய்தும் வரைந்தார். 1923 ஜனவரியில், 82 வயதில், வலக்கண்ணில் மட்டும் சிகிச்சை செய்துகொண்டார். அப்போதெல்லாம் உள்ளே வில்லை வைக்கிற வசதி கிடையாது. பல நாள் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும், பிறகு தடித்த கண்ணாடி. அதன்பின் எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறது என்று மருத்துவரிடம் முறையிட்டார். இன்னொரு கண்ணைத் தொட விடவே இல்லை.

நான் "புரை" என்றதுமே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். நீலம் என்றதும் அவரே பேச ஆரம்பித்தார்.

"எனக்கும் அப்படித்தாண்டி. ஆபரேஷன் பண்ணிக் கட்டு பிரிச்சு வீட்டுக்கு வந்தேன். கொடியில ஒங்க மாமா வேட்டி காஞ்சுது. யாரு இவ்வளவு சொட்டு நீலம் போட்டதுன்னு வேலை செய்யற பொண்ணைச் சத்தம் போட்டேன். அது பாவம், நீலமே போடலைம்மான்னு சொல்லிச்சு. அடுப்படிச் சுவரு, பாலு, எல்லாம் நீலம் கலந்த வெள்ளை. முன்னாடி நான் வெள்ளைன்னு நெனைச்சதெல்லாம் பழுப்பா இருந்திருக்கு. அது எனக்குத் தெரியவே இல்லை."

நாலு வருடத்துக்கு முன்னால் நடந்தது. எங்கள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. புரை கண்ணின் வில்லையை மஞ்சளாக்கிவிடுகிறது, நீல ஒளி உள்ளே வருவது குறைகிறது, மெல்ல மெல்ல நடப்பதால் பார்ப்பவருக்கே தெரிவதில்லை. வில்லையை எடுத்தவுடன் நீலம் மொத்தமாக வந்து கொட்டுகிறது. இதையெல்லாம் நான் படித்திருக்கிறேன். கொடியில் காய்ந்த வேட்டியை இன்றுதான் பார்த்தேன். வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். சலவைக்கு நீலம் போடும் பழக்கம் பிரான்சிலும் இருந்தது, என் பாட்டி போடுவார் என்றார் அவர். பிறகு குழுவிலிருந்த எல்லோருக்கும் அதை எடுத்துச் சொன்னார். அத்தை அந்தச் செம்பழுப்புப் படத்தை இன்னொரு முறை காட்டச் சொல்லி வாங்கி, வெகு நேரம் கையில் வைத்திருந்தார்.

வீட்டைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். கூட்டம் தள்ளிக்கொண்டே போகிறது, எங்கும் நின்று பார்க்க முடியவில்லை. இளஞ்சிவப்புச் சுவர், பச்சைச் சன்னல் கதவுகள், நீண்டு ஒடுங்கிய கட்டடம். அவருடைய முதல் ஓவியக்கூடத்தின் சுவர் நிறைய மாட்டியிருப்பவை பிரதிகள்தான். மூலப் படங்கள் பாரிஸின் மர்மோத்தான் மோனே அருங்காட்சியகத்திலும் உலகின் பல இடங்களிலும் இருக்கின்றன. ஆனால் ஜப்பானிய மர அச்சுப் படங்கள் இந்த வீட்டுச் சேகரம். ஹொகுசாய், ஹிரோஷிகே, உதமாரோ என்று பல ஓவியர்களுடையதாக 200-க்கும் மேல் சேர்த்திருக்கிறார். ஜப்பானுக்கு அவர் போனதே கிடையாது. சாப்பாட்டு அறை முழுக்க மஞ்சள். சுவர், அலமாரி, நாற்காலி எல்லாம். அதிலிருந்து அடுத்த கதவைத் தாண்டினால் நீலச் சமையலறை. நீலமும் வெள்ளையுமான ஓடுகள், பெரிய இரும்பு அடுப்பு, சுவரில் அளவு வாரியாகச் செம்புப் பாத்திரங்கள். "புளி போட்டுத் தேய்ச்சாப்ல இருக்கு" என்று அத்தை ஒன்றைத் தொடப் போய், கயிறு கட்டியிருப்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலிலிருந்து நேராக இறங்கும் நடைபாதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேலே இரும்பு வளைவுகளில் ரோஜாக் கொடி, இரண்டு பக்கமும் டேலியா, சூரியகாந்தி, சாமந்தி இனத்துப் பூக்கள். தரையில் இரண்டு ஓரத்திலிருந்தும் நாஸ்டர்டியம் கொடி ஊர்ந்து வந்து நடுவில் சந்திக்கிறது. வட்ட இலை, ஆரஞ்சுப் பூ. செப்டம்பரில் பாதையே தெரியாது, யாரையும் அதில் நடக்க விடுவதில்லை. ஒரு ஹெக்டேர் அளவுள்ள இந்த மேல்தோட்டத்தில் பாத்திகள் நேர்கோடு, பூக்கள் மட்டும் தம் இஷ்டத்துக்கு. அத்தை ஒவ்வொரு பாத்தியிலும் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார். பூவைப் பார்த்ததைவிட மண்ணைப் பார்த்ததே அதிகம்.

இத்தனையும் ஒரு காலத்தில் அழிந்து கிடந்தது என்பது நம்ப முடியாத விஷயம். மோனே 1926 டிசம்பர் 5-இல் இறந்தார். வளர்ப்பு மகளும் மருமகளுமான பிளான்ஷ், அவரும் ஓவியர், 1947 வரை வீட்டைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு கவனிப்பில்லை. மகன் மிஷெல் 1966-இல் விபத்தில் இறந்தபோது சொத்து பிரான்சின் நுண்கலைக் கழகத்துக்குப் போனது. உத்தரங்கள் உளுத்திருந்தன, பெரிய ஓவியக்கூடத்துக்குள் மரம் முளைத்திருந்தது, நீரெலிகள் குளத்துக் கரையைக் குடைந்து சரித்திருந்தன. 1977 முதல் வான் தெர் கெம்ப் என்பவர், வெர்சாய் அரண்மனையைச் சீரமைத்த அனுபவத்தோடு, பெரும்பாலும் அமெரிக்க நன்கொடையாளர்களின் பணத்தைக் கொண்டு எல்லாவற்றையும் மீட்டார். குளத்தைத் திரும்பத் தோண்டினார்கள், கரையைக் கட்டினார்கள், பழைய புகைப்படங்களையும் பழகியவர்களின் நினைவையும் வைத்துச் செடிகளை நட்டார்கள். 1980-இல் மக்களுக்குத் திறந்தார்கள். ஆக நாங்கள் பார்த்தது மோனே நட்ட செடிகளை இல்லை, அவர் நட்டதுபோலவே பிறர் நட்டு வளர்ப்பவற்றை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டம் என்றால் அப்படித்தான் இருக்க முடியும்.

நாலு மணிக்குப் பேருந்து. அதற்குள் அல்லிகள் கூம்பத் தொடங்குவதைப் பார்க்க ஆசை, நேரம் விடவில்லை.

மறு ஞாயிறு அத்தையை ஒராஞ்சரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். முதல் உலகப் போர் முடிந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, மோனே தன் நண்பரும் பிரதமருமான கிளெமான்சோவுக்குக் கடிதம் எழுதி, வெற்றியின் நினைவாக இரண்டு படங்களை நாட்டுக்குத் தருவதாகச் சொன்னார். அது வளர்ந்து, இந்த அருங்காட்சியகத்தின் இரண்டு நீள்வட்ட அறைகளில் எட்டுப் பெரும் அல்லி ஓவியங்களாக ஆனது. இரண்டு மீட்டர் உயரம். எட்டையும் சேர்த்தால் 90 மீட்டருக்கு மேல் நீளம். 1927-இல் திறந்தபோது மோனே உயிரோடு இல்லை.

அத்தை முதல் அறையில் சுற்றி வந்தார். பச்சையும் நீலமுமாக அல்லிகள் மட்டும் மிதக்கும் ஒரு படத்தின் முன்னால் நின்று இடமும் வலமும் பார்த்தார்.

"கரை எங்கடி?"

"வரையலை அத்தை. இதுல தண்ணி மட்டுந்தான்."

நடுவில் போட்டிருந்த இருக்கையில் போய் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மேல்கூரை வழியாக வந்த வெளிச்சம், வெளியே மேகம் நகர்ந்ததால் குறைந்தது, பிறகு கூடியது. படத்திலும் அது தெரிந்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும்.

"காலையில அலசிவிட்ட இலை" என்றார் அத்தை.